"எழுந்திரு அம்மா, எழுந்திரு!" - முட்டி வலிக்காரர்களை விரட்டும் கைக்கடிகாரம்

சென்னை:-

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. காலை மணி 10-50.

கல்லாவில் இருந்த அம்மாவுக்கு வயது 56. அரைக் கிலோ துவரம் பருப்பை நிறுத்துக்கொண்டு இருந்தார். திடீர் என்று அவரது இடது கையில் கட்டி இருந்த கறுப்புப் பட்டை "குர்ர்... குர்ர்..." என்று துடித்தது.

பருப்பை அப்படியே தராசில் விட்டார். "ஒரு நிமிஷம் இரு கண்ணு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். பின்னால் இருக்கும் குடோன் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். மொத்தம் நாலு நடை. அதற்குப் பிறகுதான் பருப்பு பொட்டலம் ஆனது.

வாடிக்கையாளருக்கு கோபம் வரவில்லை. "மணி அடிச்சிடுச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டு சிரித்தார். அந்தத் தெருவில் இந்த "மணி" எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

கறுப்புப் பட்டைக்கு "ஸ்மார்ட் பேண்ட்" என்று பெயர். பார்க்க கைக்கடிகாரம் போல இருக்கும். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்து இருந்தால் கையில் அதிர்ந்து எழுப்பிவிடும். வாலிபப் பிள்ளைகள் ஸ்டைலுக்காக கட்டிக்கொண்டு திரிந்த இந்த சாமான், இப்போது முட்டி வலிக்காரர்களின் கைக்கும் வந்து இருக்கிறது.

கட்டியதும் வலி பறந்துவிட்டதா? அதுதான் இல்லை. இந்த அம்மாவை முதலில் அது படுக்கையில் தள்ளியது!

அந்தக் கதை வருமாறு:-

"தேய்ஞ்சிடுச்சு, ரெஸ்ட் எடு"

காலை 7 மணிக்கு கடை திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மற்ற நேரம் எல்லாம் கல்லா ஸ்டூல்தான்.

நாலு வருடத்துக்கு முன்பு வலது முட்டியில் வலி தொடங்கியது. பிறகு இடது முட்டி. உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்தால் கால் பிடித்துக்கொள்ளும். பத்து அடி நொண்டி நடந்த பிறகுதான் விடும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு தேய்மானம் என்று தெரிந்தது.

"தேய்ஞ்சிடுச்சு, இனிமே நடந்தா இன்னும் தேயும், ரெஸ்ட் எடு" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அம்மாவும் நடையைக் குறைத்தார். எட்டி எடுக்க வேண்டிய சாமானுக்குக்கூட பையனைக் கூப்பிட்டார். வலி அதிகமானால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை.

ரெஸ்ட் எடுக்க எடுக்க வலி கூடியதே தவிர குறையவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் தம்புசெட்டி தெரு காளிகாம்பாள் கோவிலுக்கு பஸ்ஸில் போய் வருவது அவர் வழக்கம். அதுவும் நின்றுபோனது. பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. 2021-ம் ஆண்டு முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இருந்தும் என்ன பயன்? ஆட்டோவுக்கு கொடுத்துத்தான் அம்மனைப் பார்க்க வேண்டி இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டார்.

"வலியைக்கூட பொறுத்துக்குவேன். கோவிலுக்கு போவாததுதான் மனசை அறுத்துச்சு" என்கிறார்.

மகனின் பரிசு

மகன் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ரிச்சி தெருவுக்குப் போய் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஒரு பேண்ட் வாங்கி வந்தார். அம்மா கையில் கட்டினார்.

"இன்னாடா இது, கையில எலி புகுந்த மாதிரி துடிக்குது!" என்று அம்மா அலறினார். வீட்டில் ஒரே சிரிப்பு.

பேண்டில் தினசரி இலக்கு 10 ஆயிரம் அடி என்று இருந்தது. மகன் அதை அப்படியே விட்டுவிட்டார். அங்கேதான் வந்தது வினை!

முதல் நாள் இரவு பார்த்தால் 3 ஆயிரத்து 100. அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருடம் வியாபாரம் பார்த்தவர். இலக்கு என்று ஒன்று சொல்லிவிட்டால் விடுவாரா? கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு சாயங்காலம் தெருத்தெருவாக நடந்தார். கணக்கு குறைந்தால் ராத்திரி மொட்டை மாடிக்கு படி ஏறி இறங்கினார். 7 ஆயிரம். 8 ஆயிரம். ஒரு நாள் 10 ஆயிரத்தைத் தொட்டபோது பேண்டில் வாண வேடிக்கை மாதிரி ஒரு படம் வந்ததாம்.

எட்டாம் நாள் காலை வலது முட்டி தேங்காய் போல வீங்கி இருந்தது. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

பேண்ட் கல்லாப் பெட்டிக்குள் போனது. சில்லரைக் காசுகளோடு இரண்டு மாதம் கிடந்தது.

"கடிகாரம் தப்பில்லை, கணக்குதான் தப்பு"

வலி தாங்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா நடந்ததை எல்லாம் கேட்டார். பேண்டை எடுத்து வரச் சொன்னார்.

"கடிகாரம் தப்பில்லம்மா. நீங்க வெச்ச கணக்குதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, இலக்கை 3 ஆயிரத்து 600 என்று மாற்றினார்.

அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "இன்னா டாக்டரம்மா, எல்லாரும் பத்தாயிரம்கிறாங்க, எனக்கு மட்டும் மூணாயிரமா?" என்று கேட்டார்.

ஜப்பான் நம்பர்

எல்லோரும் சொல்லும் அந்த 10 ஆயிரம் எங்கே இருந்து வந்தது தெரியுமா? எந்த ஆஸ்பத்திரியில் இருந்தும் வரவில்லை. ஒரு கம்பெனியின் விளம்பரத்தில் இருந்து வந்தது!

1964-ம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் பிடித்தது. மறு வருடம், 1965-ல், யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் "மான்போ-கெய்". "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று அர்த்தம். பெயர் வாயில் நிற்க வேண்டும் என்று வைத்த நம்பர், அறுபது வருடமாக உலகத்தையே ஓட வைத்துக்கொண்டு இருக்கிறது.

ஆராய்ச்சிக்காரர்களின் கணக்கு வேறு.

அமெரிக்காவில் சராசரி 72 வயது பெண்கள் 16 ஆயிரத்துக்கும் அதிகமான பேரிடம் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. தினம் 2 ஆயிரத்து 700 அடி நடந்தவர்களைவிட 4 ஆயிரத்து 400 அடி நடந்தவர்களிடம் சாவு விகிதம் கணிசமாகக் குறைவு. 7 ஆயிரத்து 500-க்கு மேல் போனால் கூடுதல் லாபம் தெரியவில்லை.

முட்டி வலிக்காரர்களுக்கு என்றே ஒரு கணக்கும் உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்டது. முட்டி தேய்மானம் உள்ளவர்கள், வரக்கூடியவர்கள் என்று சுமார் 1,800 பேரின் நடையை எண்ணினார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்தார்கள். தினம் சுமார் 6 ஆயிரம் அடி நடந்தவர்களுக்கு நடமாட்டம் அவ்வளவாக முடங்கவில்லை. முடியாதவர்கள் 3 ஆயிரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல 6 ஆயிரத்துக்கு வரலாம் என்பது அவர்கள் யோசனை.

டாக்டரம்மா போட்ட கணக்கும் இதுதான். ஒரு வாரம் இலக்கு எதுவும் வைக்காமல் சும்மா கட்டி இருக்கச் சொன்னார். சராசரி 3 ஆயிரத்து 200 வந்தது. அதற்கு மேல் 400 கூட்டினார். இரண்டு வாரம் வலி கூடாமல் போனால் இன்னும் 300. வலி கூடினால் ஒரு படி கீழே.

எண்ணெய் போடாத கதவு

"நடந்தால் தேயும்" என்ற பேச்சு நகரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறு.

மூட்டுக்குள் எலும்பு நுனியை வழவழ என்று குருத்தெலும்பு மூடி இருக்கிறது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரில் இருந்துதான் அதற்கு சாப்பாடு. காலை மடக்கி நீட்டும்போது, பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீர் குடிப்பதுபோல, அது அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். அசைக்காமல் வைத்தால் பட்டினி. எண்ணெய் போடாத கதவு மாதிரி இறுகிப்போகும்.

தொடைச் சதை இன்னொரு விஷயம். உடம்பு எடையைத் தாங்குவதில் முட்டிக்கு அதுதான் துணை. ரெஸ்ட் எடுக்க எடுக்க அந்த சதை வற்றிவிடும். பாரம் முழுக்க முட்டியில் இறங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ம் ஆண்டில் மூட்டு தேய்மானம் உள்ளவர்கள் உலகம் முழுவதும் 52 கோடியே 80 லட்சம் பேர். அதில் முட்டி மட்டும் 36 கோடியே 50 லட்சம். நூற்றுக்கு 60 பேர் பெண்கள். இவ்வளவு பேருக்கும் டாக்டர்கள் சொல்லும் முதல் மருந்து உடற்பயிற்சிதான். ஆனால் மறக்காமல் செய்கிறவர் எத்தனை பேர்? வலி இருக்கும் நாளில் பயம். வலி இல்லாத நாளில் மறதி. பேண்டுக்கு வேலை அந்த இடத்தில்தான்.

மண்ணடி அம்மாக்களும் பாரிமுனை குமாஸ்தாவும்

பாரிமுனையில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கும் 52 வயது குமாஸ்தாவுக்கும் இதே முட்டி வலி. அவர் வேறு விதமாக மாட்டிக்கொண்டார்.

ஆர்வத்தில் செல்போனில் ஒன்பது அலாரம் வைத்தார். "எழு", "நட", "காலை நீட்டு", "தண்ணீர் குடி" என்று மணிக்கு மணி கூவியது. மேலதிகாரி அறையில் கோப்போடு நிற்கும்போது "காலை நீட்டு" என்று செல்போன் பேசியதாம். ஆபீசே சிரித்தது!

மறுநாள் ஒன்பதையும் அணைத்துவிட்டார். அதோடு உடற்பயிற்சியும் அணைந்தது.

அவருக்கு யோசனை சொன்னவர் பக்கத்து சீட்டு பெண் ஊழியர். மண்ணடியில் அவர் வீட்டுப் பக்கம் வயதான அம்மாக்கள் சாயங்கால விளக்கு ஏற்றியதும் கால் பயிற்சி செய்கிறார்களாம். அலாரமே வைப்பது இல்லை. விளக்குதான் அலாரம்.

குமாஸ்தா இப்போது மூன்றே மூன்று அதிர்வு வைத்து இருக்கிறார். 11 மணி டீ, பகல் 3 மணி, மாலை 5 மணி. சத்தம் கிடையாது, கையில் அதிர்வு மட்டும். டீயை மேஜைக்குக் கொண்டு வரச் சொல்லாமல் தானே போய் குடிக்கிறார். தண்ணீர் பாட்டிலை வேண்டும் என்றே சின்னதாக வாங்கி இருக்கிறார். தீர்ந்தால் எழுந்துதானே ஆக வேண்டும்!

வெறும் கருவியைக் கட்டிவிட்டால் மூன்று மாதத்தில் அலுத்து டிராயருக்குள் போய்விடும் என்பது பலரது அனுபவம். கனடா நாட்டில் வான்கூவரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2018-ல் வெளியானது. முட்டி தேய்மானம் உள்ளவர்களுக்கு பேண்டைக் கொடுத்ததோடு நிற்காமல், பிசியோதெரபி நிபுணர் அவ்வப்போது போனில் பேசி இலக்கை மாற்றிக்கொடுத்தார். அப்படி செய்தபோது அவர்களது சுறுசுறுப்பான நேரம் கூடியது. கருவிக்குப் பின்னால் கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டி இருக்கிறது!

2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்து தரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. இப்படி வருகிறவரிடம் பேண்டையும் காட்டி இலக்கைக் கேட்டுக்கொள்ளலாம். யாரும் கேட்பது இல்லை.

கல்லாவிலேயே கசரத்து

வண்ணாரப்பேட்டை அம்மாவுக்கு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சியில் ஒன்றுக்கு இடமே தேவை இல்லை.

ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு காலை மெல்ல தூக்கி நேராக நீட்ட வேண்டும். தொடை இறுகுவது தெரியும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. காலை, பகல், இரவு என்று மூன்று வேளை. இதற்கும் பேண்டில் மூன்று அதிர்வு.

இந்தப் பயிற்சியை பேண்ட் எண்ணாது. கால் நீட்டுவது அதற்குத் தெரியாது. எனவே கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா கோடு கிழித்து வைக்கிறார்.

குலுக்கினால் ஏமாறும்

பேண்டுக்குள் உப்புக்கல் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அது உணரும். நடக்கும்போது கை வீசும் தாளத்தை வைத்து அடியை எண்ணும். அடிப்பகுதியில் மினுக்கும் பச்சை விளக்கு நாடித் துடிப்பைப் பார்ப்பதற்கு.

கையை வைத்து காலை எண்ணுவதால் ஏமாற்றமும் உண்டு. கைத்தடி பிடித்து நடந்தால், தள்ளுவண்டியைத் தள்ளினால், படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தால் கை வீசாது. கணக்கு குறையும். ரொம்ப மெதுவாக நடந்தாலும் சில அடிகளை விட்டுவிடும். இன்னொரு பக்கம், பருப்பு புடைத்தாலும் குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோ குலுக்கினாலும் நடந்ததாக நினைத்து எண்ணுகிற பேண்டுகள் இருக்கின்றன.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். வாயால் நூறு எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும். பேண்டில் 95, 105 வந்தால் போகட்டும். 60, 150 என்று காட்டினால் வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

காசு இல்லாதவர்களுக்கு பேண்டே தேவை இல்லை. சாதாரண பட்டன் போனில்கூட அலாரம் இருக்கிறது.

வலியை எண்ணத் தெரியாது

அடியை எண்ணும் பேண்டுக்கு வலியை எண்ணத் தெரியாது. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

டாக்டரம்மா சொன்ன அளவுகோல் இரண்டு மணி நேரம். நடந்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் வழக்கத்தைவிட வலி அதிகமாக இருந்தால், அன்று செய்தது அதிகம். மறுநாள் குறைக்க வேண்டும். நிறுத்திவிடக் கூடாது.

முட்டி சிவந்து, சூடாகி, வீங்கி இருந்தால் பேண்ட் எவ்வளவு துடித்தாலும் நடக்கப் போகக் கூடாது. டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். காலையில் கை விரல்கள் அரை மணி, ஒரு மணி நேரம் மடங்க மறுத்தால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்கு வாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. அவர்கள் மணிக்கட்டில் இறுக்கமாகப் பட்டை கட்டுவதும் உதவாது. தளர்ந்து கொடுக்கும் துணிப் பட்டை நல்லது.

நடக்க இடம் எங்கே?

கடிகாரம் "நட" என்கிறது. எங்கே நடப்பது?

2023 நவம்பர் 4-ந் தேதி பெசன்ட் நகரில் 8 கிலோ மீட்டர் நடைபாதையோடு "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் வண்ணாரப்பேட்டை முட்டி வலிக்காரர் பெசன்ட் நகர் போய் நடப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். 8 கிலோ மீட்டர் அவருக்கு ஆகாத தூரமும்கூட.

அவருக்கு வேண்டியது வீட்டு வாசலில் இருந்து இருநூறு அடி சமமான நடைபாதை. அதில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. கடை விளம்பரப் பலகை நிற்கிறது. மிச்சம் இருக்கும் இடத்தில் சிமெண்ட் பலகை ஆடுகிறது. முட்டி சரி இல்லாதவர் ஒரு தரம் கால் பிசகினால் போதும், அதோடு நடையை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால்தான் அம்மா தெருவில் இறங்குவது இல்லை. கடைக்கும் குடோனுக்கும் நடுவே நடக்கிறார். இரவு மொட்டை மாடிக்கு ஒரே ஒரு முறை மெதுவாக ஏறிப் போய் அங்கே சமதளத்தில் சுற்றி வருகிறார்.

400 கழிவு

நாலு மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை முட்டி முரண்டு பிடித்தது. இலக்கை இறக்கி ஏற்றினார்கள். இப்போது 4 ஆயிரத்து 800-ல் நிற்கிறது. வலி அடியோடு போகவில்லை. கல்லாவில் இருந்து எழும்போது கால் பிடித்துக்கொள்வது மட்டும் குறைந்து இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பஸ் வந்தது. கம்பியைப் பிடித்தார். நல்ல காலை முதலில் படியில் வைத்தார். பின்னால் மகன் கையை நீட்டினார். "விடுறா, நானே ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். காளிகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு அதே போல பஸ்ஸில் திரும்பினார்.

இரவு கடை அடைக்கும் நேரம். மகன் பேண்டைப் பார்த்தார்.

"அம்மா, இன்னிக்கு ஐயாயிரத்து இருநூறு!"

அம்மா கடன் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பேனாவை எடுத்தார்.

"பஸ்ஸு குலுக்கினது ஒரு நானூறு இருக்கும்டா. அதைக் கழிச்சு சொல்லு."